லோரிக் கணக்கும் எங்கள் இரண்டு பி பாரங்களும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்ட ஆபீசில் நான் கிராணி, அதாவது எழுத்தர். வருடா வருடம் சம்பளக்காரர்களுக்கான வருமான வரிப் பாரமான பிஇயை நிரப்பி அனுப்பிவிடுவேன். சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்துவிடுவதால் அதற்குமேல் யோசித்ததில்லை. 2023 ஜனவரியில் மனைவியின் தம்பியோடு கூட்டாக ஒரு பழைய லோரியை 80,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிச் செம்பனைக் குலை ஏற்ற ஆரம்பித்தோம். லாபத்தில் பாதிக்குப் பாதி என்று பேச்சு. மச்சான்தான் ஓட்டுவார் என்பதால் அவருக்கு மாதம் 1,500 வெள்ளி தனியாகச் சம்பளம்.

அடுத்த ஏப்ரலில் வழக்கம்போல் பிஇ பாரத்தைத் திறந்தபோது மனைவி கேட்டாள்: "லோரி வருமானத்தை இதில எங்கே போடுவீங்க?" தேடிப் பார்த்தேன், அதற்கு இடமே இல்லை. தொழில் வருமானம் இருந்தால், கூடவே சம்பளம் இருந்தாலும் பி (B) பாரம்தான். கெடு ஜூன் 30, மின்வழி அனுப்பினால் ஜூலை 15. ஏப்ரலிலேயே பிஇயை அனுப்பியிருந்தால் தவறான பாரம் ஆகியிருக்கும்.

சரி, நேரில் கேட்டுவிடலாம் என்று ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு நானும் மச்சானும் ஈப்போவுக்குப் போனோம். வரி அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா பொறுமையாக விளக்கினார். கூட்டுத் தொழில் தனியாக வரி கட்டாது. ஆனால் அதன் பெயரில் பி (P) என்ற எழுத்துள்ள இன்னொரு பாரம், 'பார்ட்னர்ஷிப்'பின் பி, போக வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சிபி 30 என்ற பாரத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் பங்கை அவரவர் தம் சொந்தப் பாரத்தில் சேர்க்க வேண்டும். பெயர் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

எங்களை உட்கார வைத்தது அடுத்த விஷயம். டீசல், டயர், ரிப்பேர், மச்சானின் சம்பளம் 18,000 எல்லாம் கழித்து 72,000 லாபம் என்று எழுதியிருந்தோம். கூட்டாளி எடுக்கும் சம்பளம் செலவு ஆகாதாம், அது லாபத்தில் அவருக்குப் போகும் பங்கு. அப்படியானால் மொத்தம் 90,000. அதில் மச்சானுக்கு முதலில் 18,000, மீதி 72,000இல் ஆளுக்கு 36,000. ஆக எனக்கு 36,000, அவருக்கு 54,000.

"நான் வீட்டுக்குக் கொண்டு போனது 12,000தானே" என்றேன். மிச்சத்தை அடுத்த லோரிக்காக வங்கியில் வைத்திருந்தோம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பங்கு பங்குதான் என்றார் அவர். கூட்டுத் தொழில் செய்யும் நம் ஆட்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை என்பது என் கவலை. லாபம் முழுவதையும் லோரியில் போட்டுவிட்டு, வரி கட்டக் கையில் காசில்லாமல் நிற்க வேண்டிவரும்.

லோரி வாங்கிய 80,000 வெள்ளியையும் செலவாக எழுத முடியாது. தேய்மானக் கழிவாகத்தான் கிடைக்கும்: முதல் வருடம் ஆரம்பக் கழிவு 20 விழுக்காடும் வருடாந்தரக் கழிவு 20 விழுக்காடும் சேர்ந்து 32,000, அப்புறம் மூன்று வருடங்களுக்கு 16,000 வீதம். அதையும் பாதியாகப் பிரித்ததில் ஆளுக்கு 16,000 குறைந்தது. எனக்கு லோரி வருமானம் 20,000 ஆனது, மச்சானுக்கு 38,000.

மச்சானுக்குத் தனிநபர் விலக்கு 9,000, வேலைக்குப் போகாத மனைவிக்கு 4,000, இரண்டு பிள்ளைகளுக்கு 4,000 போக 21,000 வெள்ளிதான் மிஞ்சியது. அதற்கு வரி 180. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாதவர்களுக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு என்பதால் அவர் ஒரு சென்னும் கட்டவில்லை. அவ்வளவு நாள் தூங்காமல் கிடந்தவர், திரும்பும் வழியில் "மாமா, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார். எனக்குச் சம்பளமும் சேர்ந்ததால் கொஞ்சம் கட்ட வேண்டி வந்தது.

2025இல் எனக்கு சிபி 500 கடிதம் வந்தது. மார்ச் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாக ஆறு தவணையாக வரியை முன்கூட்டியே கட்டச் சொல்லி. அந்த நேரம் பார்த்து லோரி இரண்டு மாதம் பட்டறையில் கிடந்தது. வருமானம் குறைந்துவிட்டதைக் காட்டி ஜூன் 30க்குள் தவணையைத் திருத்தக் கேட்கும் சிபி 502 பாரத்தை அனுப்பினேன், தவணையைக் குறைத்துக் கொடுத்தார்கள். ரசீதுகள் மட்டும் டின்னிலேயே இருக்கின்றன. ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.