வலிக்காத விரல்

அரசு மருத்துவமனை டிரெஸ்ஸிங் அறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டேன். கால்விரலைப் பிடித்துக்கொண்டு கத்தியபடி வருகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது.

நகச்சுத்திக்காரர்கள் அப்படித்தான் வருவார்கள். கட்டைவிரல் நகத்தை ஓரம் வளைத்து ஒட்ட வெட்டியிருப்பார்கள். அது சதைக்குள் ஏறிச் சீழ் கட்டியிருக்கும். சிலர் எலுமிச்சம்பழத்தைச் செருகிப் பார்த்துவிட்டு வருவார்கள் (கால் விரலில் அது எங்கே நிற்கிறது!). ஆரம்ப நிலை என்றால் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, நகத்தை நேராக வெட்டப் பழகினாலே போதும். முற்றியிருந்தால் டாக்டர் விரலை மரக்க வைத்து, நகத்தின் ஓரத்தை மட்டும் எடுத்து, மறுபடி முளைக்காமலிருக்க வேரில் ஃபீனால் தடவுவார்.

நடவு மாதங்களில் சேற்றுப்புண். அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்திவிடுவார்கள், பூஞ்சை திரும்ப வரும், அவர்களும் திரும்ப வருவார்கள். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சத்தமில்லாமல் வருகிறவர்கள்தான் வேறு ரகம். இரவுக் காவல் வேலை பார்க்கும் ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி, கால் ஆணியைக் காட்ட வந்தார். கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் ஐயா, அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும் என்றேன். ஆணியைப் பார்த்தேன். ஆணியை மட்டும்தான் பார்த்தேன். அன்று ஓ.பி.யில் கூட்டம், விரல்களை விரித்துப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் வந்தார். சாக்ஸ் சுண்டுவிரலோடு ஒட்டியிருந்தது. சலைன் ஊற்றி ஊறவைத்துக் கழற்றினால், விரலிடுக்கு கறுத்துக் கிடந்தது. ஷூவைக் கவிழ்த்தேன். ஒரு புளியங்கொட்டை விழுந்தது. பேரன் விளையாடியதாம். அதன்மேல் எத்தனை இரவு நடந்தாரோ. "வலிக்கவே இல்லையேம்மா" என்றார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

1946-இல் வேலூருக்கு வந்து, பின்பு தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் அழுத்திச் சொன்னது இதைத்தான்: விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; உணர்ச்சி போனபின் படும் காயங்களால் போகின்றன. சர்க்கரைக் காலுக்கும் இதே கதை. தொழுநோயாளிகளுக்குக் கொடுத்த அதே எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இவர்களுக்கும் எழுதித் தருகிறோம்.

இப்போது சர்க்கரைக்காரர் எதற்கு வந்தாலும், பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்துப் பார்க்கிறேன். "கண்ணை மூடுங்க, தொடும்போது சொல்லுங்க" என்பேன். இழை வளைந்து நிற்கும். அவர்கள் கண்ணை மூடியபடி, "இன்னும் ஆரம்பிக்கலையா சிஸ்டர்?" என்பார்கள்.