களத்தில் படம், மேசையில் விதை: மே மாதக் குறிப்புகள்

மே 9, சனி

ஊர், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடைப் பக்கம். விதைநெல் பற்றிய படம் ஒன்றைக் களத்தில் திரையிட்டு, பிறகு பாரம்பரிய நெல் விதை கொடுப்பதாகத் திட்டம். திரையிடல் வரும் சனிக்கிழமை, அமாவாசையன்று. நிலா வெளிச்சம் இருந்தால் திரையில் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும், நாற்றும் களையும் ஒன்றுபோலத் தெரியும்.

முளைப்புச் சோதனையை இன்றே போட்டாயிற்று. படம் முடிந்ததும் கூட்டத்தின் நடுவே துணியை அவிழ்க்கும்போது சரியாக ஏழு நாள் ஆகியிருக்கும். நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டில் ரகத்துக்கு 100 நெல், பத்துப் பத்து வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். சுருட்டி நூல் கட்டி நிழலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். ஊற்றினால் அழுகும். நெல்லைப் பொறுக்கக் கூடாது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் ஒரு பிடி அள்ளிக் கலந்து, வருவதை எண்ணிப் போடவேண்டும். பொறுக்கிப் போட்டு 98 காட்டினால் நாற்றங்கால் காட்டிக்கொடுத்துவிடும்.

மே 12, செவ்வாய்

படம் 38 நிமிடம், பேச்சு கன்னடம், அடியில் தமிழ் எழுத்து. எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வந்துவிட்டது. நடுவில் நிறுத்தவும் ஒரு பகுதியைத் தாண்டவும் தனியாகக் கேட்டு வாங்கினோம். இதைப் பலர் கேட்பதில்லை.

அடியெழுத்தை நம்பக் கூடாது. வயதானவர்களுக்குக் கண் எட்டாது, பிள்ளைகள் படித்து முடிப்பதற்குள் மாறிவிடும். ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும், அந்த நேரத்தில் படத்தின் ஒலியைப் பாதியாகக் குறைக்க இன்னொருவர் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் இரண்டும் கெடும்.

நிறுத்தும் இடங்கள்: 9ஆம் நிமிடம் (கதிர் தேர்வு), 21ஆம் நிமிடம் (குதிரில் சேமிப்பு). 27 முதல் 33 வரை தாண்டல், அது நகரத்துக் கருத்தரங்கு. ஒரு நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம். "இங்கே எப்படிச் செய்வீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். எல்லாவற்றையும் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், படம் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மே 14, வியாழன்

திரை 12 அடி அகலம், 6¾ அடி உயரம். காடா துணி, பின்னால் கறுப்புத் துணி சேர்த்துத் தைத்தது. கறுப்பு இல்லையென்றால் வெளிச்சத்தில் கொஞ்சம் பின்பக்கம் ஊடுருவிப் போய்விடும். தரையில் உட்காருபவர் தலை மறைக்காமலிருக்க அடி விளிம்பு 4 அடி மேலே. குழி இரண்டரை அடி. ஆக மூங்கில் 15 அடிக்குக் குறையக் கூடாது. கோடையில் இந்தக் களிமண் கருங்கல் மாதிரி. இரவே குழி இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் விட்டால்தான் காலையில் கடப்பாரை இறங்கும்.

இழுத்துக் கட்டக் கயிறு மட்டும் போதாது. சாயங்காலம் கடல்காற்று எழும்போது துணி பாய்மரமாகி மூங்கிலைச் சாய்க்கும். பழைய சைக்கிள் டியூபை அரை அடித் துண்டுகளாக வெட்டி, துணி வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே முடிந்தால் காற்றடிக்கும்போது நீண்டு கொடுக்கும். அடிவிளிம்பையும் கட்டவேண்டும், தொங்க விட்டால் கிழிவது அங்கேதான்.

எங்கள் புரொஜக்டருக்குத் திரை அகலத்தின் ஒன்றரை மடங்கு தூரம், அதாவது 18 அடி. திரையின் அடி விளிம்பு உயரத்திலேயே மேசை. கீழே வைத்து மூக்கைத் தூக்கினால் படம் மேலே விரியும். பொத்தானில் சரிசெய்யலாம், ஆனால் வெளிச்சமும் தெளிவும் குறையும்.

மே 15, வெள்ளி

மின்சாரம் பம்புசெட் இணைப்பிலிருந்து எடுக்கக் கூடாது. அது பாசனத்துக்கு மட்டும் கொடுத்தது, படத்துக்கு எடுத்தால் இணைப்பு வைத்திருப்பவருக்குத்தான் வம்பு. இன்வெர்ட்டர் கணக்கு: புரொஜக்டர் 300 வாட், ஆம்ப் 130, லேப்டாப் 65, ஆக ஏறக்குறைய 500. 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 1,800 வாட்-மணி. அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாமல், இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். 38 நிமிடப் படத்துக்கும் பேச்சுக்கும் இது தாராளம்.

ஸ்பீக்கரில் "ஊம்" என்று இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றது. இரண்டும் இரண்டு பிளக்கிலிருந்து எர்த் எடுப்பதால் வருவது. நாளைக்கு எல்லாம் ஒரே பலகையில்.

கஞ்சிக்கு மாப்பிள்ளைச் சம்பா 5 கிலோ, நூறு பேருக்கு. முழு அரிசியாகப் போட்டால் விறகு தின்னும், குருணையாக உடைத்தாயிற்று. நாளை மதியம் ஊறவைத்தால் போதும். இந்த வெயிலில் இரவே ஊறப்போட்டால் தண்ணீர் புளித்துவிடும். மோரும் சின்ன வெங்காயமும் பரிமாறும்போது மட்டும்.

மே 16, சனி, அமாவாசை

ஆறரைக்குச் சூரியன் இறங்கியது. ஏழு மணிக்கும் திரை வெளுப்பு. ஏழேகாலுக்குத் தொடங்கியது. விதை மேசை விளக்கை அணைத்துவிட்டு, 50 அடி தள்ளி வேப்பமரத்தடியில் ஒரு டியூப்லைட் எரியவிட்டதால் பூச்சியில் பாதி அங்கே போனது.

9ஆம் நிமிட நிறுத்தம்தான் நன்றாக ஓடியது. திரையில் பெண்கள் அறுப்புக்கு முன் தாய்க்கதிரைத் தனியே கொய்கிறார்கள். இங்கே கலவன் (வயலில் கலந்து முளைத்த வேறு ரகப் பயிர்) பிடுங்குவது பூக்கும்போது ஒருமுறை, அறுப்புக்கு முன் ஒருமுறை என்றார்கள் முன்வரிசை அக்காமார். உயரம் வேறாயிருந்தால் முதல்முறை தெரியும், நெல் நிறம் வேறாயிருந்தால் இரண்டாம் முறைதான் தெரியும். படத்தில் அது இல்லை.

பிறகு முட்டை, தேறிய விதையைப் பிரிக்க. 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பு, முட்டை மிதந்து நாலணா அளவு வெளியே தெரியும்வரை கரைத்து, ஒரு கிலோ நெல்லைக் கொட்டிக் கலக்கியது. மிதந்தது பதரும் அரைகுறையாக முற்றிய நெல்லும். அடியில் நின்றதை உடனே மூன்று தண்ணீரில் அலச வேண்டும், உப்பு தங்கினால் முளை கெடும். அலச மறந்துவிட்டு "உப்புத்தண்ணி விதையைக் கெடுக்குது" என்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

சாக்கு அவிழ்ந்தது: பூங்கார் 91, அறுபதாம் குறுவை 86, மாப்பிள்ளைச் சம்பா 62. சான்று விதைக்கே 80 வேண்டும். 62 வந்தது பிளாஸ்டிக் கோணியில், காயாமல் கட்டிய மூட்டை. அதை ஒளிக்காமல் மேசை நடுவில் வைத்ததற்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன.

மே 17, ஞாயிறு

பேரேட்டில் பெயர், ரகம், அளவு, முளைப்பு எண், எந்த வயல். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் 2006 முதல் ஆதிரெங்கத்தில் நடத்திய முறையேதான்: 2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்ப வேண்டும். திரும்பி வருவதைக் கலவன் பார்க்காமல் மூட்டையில் சேர்க்கக் கூடாது. பூங்காரும் அறுபதாம் குறுவையும் மட்டும் கொடுத்தோம். மாப்பிள்ளைச் சம்பா கேட்டவர்களை ஆவணிக்கு வரச் சொல்லியாயிற்று, அதற்குள் வேறு மூட்டை தேட வேண்டும். சம்பா ரகத்தை இப்போதே விதைத்தால் பகல் குறுகும்வரை பூக்காமல் வளர்ந்துகொண்டே போய்ச் சாயும்.

புரொஜக்டர் வடிகட்டியில் களத்துத் தூசி அப்பிக்கிடந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும், ஊதினால் உள்ளே போகும்.

மே 20, புதன்

அடுத்த ஊர் ஜூன் 13 கேட்கிறது. வழக்கப்படி 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் தண்ணீர் இங்கே வரச் சில நாளாகும், ஆனால் வாய்க்கால் வெட்டும் நாற்றங்கால் வேலையும் அன்றே தொடங்கிவிடும். ஜூன் 6 கேட்டிருக்கிறோம். முளைப்புச் சோதனைக்கு நெல் மே 30ஆம் தேதியே போட வேண்டும்.