கைநாட்டு வைக்கும் அம்மாவும் மறதிநோய்ப் பரிசோதனையும்

என் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நடவும் களையெடுப்புமாக உழைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வைத்த உலையை மறந்து மறுபடி உலை வைப்பதும், ரேஷன் கடையிலிருந்து திரும்பும் வழியில் திகைத்து நிற்பதுமாக ஆனபோது மருத்துவரிடம் அழைத்துப் போனோம். முதலில் பார்த்தவர், "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்துப் போன பெரிய மருத்துவமனையில் நடந்ததுதான் மனத்தில் இன்னும் ஆறவில்லை. இரைச்சல் மிகுந்த புறநோயாளிகள் கூடத்தில், அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு பணியாளர் தாளில் இருந்த கேள்விகளை வாசித்துக்கொண்டே போனார். இடது காது சரியாகக் கேட்காது என்று நான் சொன்னதை அவர் குறித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு என்ன தேதி என்ற கேள்விக்கு, "அமாவாசை போய் நாலாம் நாள்" என்றார் அம்மா. சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன், சரியாகவே சொல்லியிருந்தார். ஆனாலும் தாளில் பூஜ்யம்தான் விழுந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யவும், ஒரு வாக்கியம் எழுதவும், ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவும் சொன்னார்கள். பேனாவையே பிடித்துப் பழகாத விரல்கள் தாளின்மேல் நடுங்கின. கடைசியில் மதிப்பெண்ணைக் கூட்டி, மறதிநோய் (டிமென்ஷியா) முற்றிய நிலை என்று சீட்டில் எழுதிவிட்டார்கள்.

அந்தத் தாள் 1975-இல் அமெரிக்காவில் உருவான, முப்பது மதிப்பெண் கொண்ட எம்எம்எஸ்இ என்னும் நினைவாற்றல் சோதனை. பள்ளிக்குப் போனவர்களை மனத்தில் வைத்து அமைத்த அந்தக் கேள்விகளை அப்படியே எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டால், நோயே இல்லாதவருக்கும் மதிப்பெண் குறையும். இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. அரியானாவின் பல்லப்கர் கிராமப்புறத்தில் எழுத்தறியாத முதியோருக்காகவே ஒரு சோதனையை அமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். அதில் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்பார்கள். எழுதச் சொல்வதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்வார்கள்.

வேறோர் ஊரில் இருந்த முதியோர் மருத்துவப் பிரிவில்தான் எங்களுக்கு வழி பிறந்தது. அங்கிருந்த மருத்துவர் அம்மாவை அமைதியான அறைக்கு அழைத்துப் போய், கேட்கும் காதின் பக்கம் உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகப் பேசினார். பிறகு என்னைத் தனியே வைத்து, முன்பு எதையெல்லாம் தாமாகச் செய்தார், இப்போது எதில் தடுமாறுகிறார் என்று விரிவாகக் கேட்டார். கூட இருப்பவர் சொல்வதும் சோதனையின் ஒரு பாதிதான். ஆகவே இது போன்ற பரிசோதனைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் போகாதவர் என்பதையும் காது, கண் குறைகளையும் சீட்டில் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தாரிடமும் கேட்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

இரத்தப் பரிசோதனைகள் சிக்கலின்றி முடிந்தன. எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போன அன்று மட்டும் மூக்குத்தியைக் கழற்றாமல் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போட்ட மூக்குத்தியின் திருகு இறுகிப் போயிருந்ததால், ஆசாரியிடம் போய் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தேதி கொடுக்கும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மூன்று பேருந்து மாறி வந்த ஒரு மூதாட்டியின் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். முடிவில், நோய் தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்றும், பி12 சத்துக் குறைவும் செவித்திறன் குறைவும் சேர்ந்து அதைப் பெரிதாகக் காட்டியிருக்கின்றன என்றும் தெரிந்தது. ஊசியும் காது கேட்கும் கருவியும் வந்தபின் அம்மா பேச்சில் கலந்துகொள்கிறார். செவித்திறன் இழப்பையும் கல்விக் குறைவையும் மறதிநோய்க்கான 14 ஆபத்துக் காரணிகளில் இரண்டாக, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையத்தின் 2024 அறிக்கை சேர்த்திருக்கிறது.

இதன்பின் முதியோர் நினைவாற்றல் பற்றிய ஓர் ஆய்வில் அம்மாவைச் சேர்க்க விரும்பினோம். "கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களை மட்டும்தான் எடுக்கிறோம்" என்றார் அங்கிருந்த எழுத்தர். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகவும், பெண்களிடமும் கிராமத்தாரிடமும் கல்வி குறைந்தவர்களிடமும் இது கூடுதலாக இருப்பதாகவும் 2023-இல் வெளியான, முதியோரின் மறதிநோய் பற்றிய லாசி-டாட் என்னும் நாடளாவிய ஆய்வு கணித்தது. நோய் யாரிடம் அதிகமோ அவர்களையே வாசலில் நிறுத்திவிட்டு நடத்தும் ஆய்வு யாருக்கு மருந்து கண்டுபிடிக்கும்?

நான் விடவில்லை. பங்கேற்பாளர் தகவல் தாளின் அடியில், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுச் செயலரின் தொடர்பு எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பேசினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, எழுத்தறியாதவருக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சியின் முன்னிலையில் கைநாட்டுப் பெறலாம் என்பதைச் சுட்டிக்காட்டி, கடிதமும் கொடுத்தேன். அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஆசிரியை சாட்சியாக வந்தார். படிவத்தைத் தமிழில் முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட அம்மா, "ரத்தம் எவ்வளவு எடுப்பீங்க, முடிவை எங்களுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பெருவிரலை மையில் வைத்தார். படிவத்தின் நகலை மறக்காமல் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். எதற்குச் சம்மதித்தோம் என்பதற்கு அதுதான் ஆதாரம்.