வில்லியம் ஹென்றி லூயிஸின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிய அனுபவம்

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகைக் கால்பந்தில், கல்லூரி அணிகளின் தொடக்ககாலப் பயிற்சியாளர்களைப் பற்றிய கட்டுரை வரிசைக்காக, ஆடுகளத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போன ஒருவரைப் பற்றி எழுதக் கேட்டபோது, நான் வில்லியம் ஹென்றி லூயிஸைத் தேர்ந்தெடுத்தேன். அத்தகையோரைத் தேடுபவர்கள் முதலில் புரட்டுவது வெற்றி தோல்விப் பட்டியல்களைத்தான். அவற்றிலோ தலைமைப் பயிற்சியாளரின் பெயர் மட்டுமே இருக்கும். 1895 முதல் 1906 வரை ஹார்வர்ட் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்த லூயிஸை அங்கே தேடிப் பயனில்லை.

அவர் 1868-இல் வர்ஜீனியாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகள் தனிப் பட்டியலில், உடைமையாளரின் பெயருக்குக் கீழே, பொதுவாக வயது, பால், நிறம் என்ற அளவிலேயே பதிவானார்கள் என்பதால், இத்தகைய குடும்பங்களைத் தேடிச் செல்பவருக்கு 1870-க்கு முந்தைய வழி பெரும்பாலும் அடைபட்டே இருக்கிறது. 1890 கணக்கெடுப்பின் ஏடுகளோ 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தால் பெரும்பாலும் இல்லாமற் போயின. நல்லவேளையாக அந்த ஆண்டுகளில் அவர் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். 1891-இல் அணித்தலைவர், 1892-இல் பட்டதாரி என்ற தகவல்கள் கல்லூரி வரலாற்றிலேயே உள்ளன.

பழைய நாளிதழ்களின் எண்ணிமத் தொகுப்புகளில் வில்லியம் லூயிஸ் என்று தேடினால், அதே பெயருடைய வணிகர்களும் போதகர்களும் வரிசையாக வந்து நிற்பார்கள். பெயரோடு கல்லூரியையோ வகித்த பதவியையோ சேர்த்துத் தேடியபோதுதான் பயன் கிடைத்தது. 1896-இல் வெளியான அவருடைய ஆட்டக் கையேடு காப்புரிமைக் காலம் கடந்துவிட்டது என்பதும் பெரிய உதவி.

விளையாட்டுக் குறிப்புகளை ஒரு கோப்பிலும் சட்டத் துறைக் குறிப்புகளை இன்னொன்றிலும் சேர்த்துவந்த நான், இரண்டையும் ஆண்டு வரிசையில் அடுக்கியதும் அந்தப் பிரிவினையைக் கைவிட்டேன். சட்டம் பயிலும்போதே அவர் ஹார்வர்டுக்காக ஆடி, 1892, 1893 ஆகிய இரு ஆண்டுகளிலும், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலான தேசியச் சிறப்பணிக்குத் தேர்வானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஹார்வர்ட் அமைந்துள்ள கேம்பிரிட்ஜ் நகரில் முடிதிருத்துநர் ஒருவர் தமக்குச் சவரம் செய்ய மறுத்ததை எதிர்த்து, முடிதிருத்தகங்களையும் உள்ளடக்குமாறு, பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம் திருத்தப்படுவதற்கு உழைத்ததும் அக்காலத்தில்தான். 1903-இல் பாஸ்டனில் கூட்டரசின் உதவி வழக்கறிஞரான பின்னும் பயிற்சியளிப்பதை அவர் நிறுத்தவில்லை. ‘ஆட்டத்தை விட்டுச் சட்டத்துக்கு’ என்று எனக்குத் தரப்பட்டிருந்த தலைப்பு, ஆகவே, அவருக்குப் பொருந்தவில்லை.

அதிக இடம் கொடுக்க வேண்டியதென்று நான் கருதியது அமெரிக்க வழக்கறிஞர் சங்க விவகாரத்துக்கு. குடியரசுத் தலைவர் டாஃப்ட் காலத்தில் அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கு உதவியாளராக, அதாவது உதவி அட்டர்னி ஜெனரலாக, உயர்ந்த அவரை 1911-இல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட சங்கம், அவருடைய நிறம் தெரியவந்ததும் 1912-இல் அந்த உறுப்புரிமையைத் திரும்பப் பெற முயன்றது. அவர் விலக மறுத்தார். அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாம் அவருக்காக உறுப்பினர்கள் அனைவருக்கும் கடிதம் அனுப்பினார். அவ்வாண்டு மில்வாக்கியில் கூடிய மாநாடு, ஏற்கெனவே சேர்ந்த கறுப்பின வழக்கறிஞர்கள் நீடிக்கலாம் என்றும், இனி விண்ணப்பிப்போர் தம் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்றும் முடிவெடுத்தது. சில சுருக்கக் குறிப்புகள் முதற்பாதியோடு நின்று, இதை முழு வெற்றியாகக் காட்டிவிடுகின்றன; அது நியாயமன்று.

பதிப்பாசிரியர் இந்தப் பகுதியைக் குறைக்கச் சொன்னார். நான் அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்ட நுணுக்கங்களைப் பற்றிய இரு பத்திகளை நீக்கிக் கொடுத்தேன். அப்படியே அச்சுக்குப் போயிற்று.