கார்டு இல்லாத செய்தியாளருக்குக் கோப்பு கிடைத்த விதம்

எந்த இதழிலும் நிரந்தரப் பணியில் இல்லாமல், அச்சேறும் கட்டுரைக்கு மட்டும் ஊதியம் பெறும் செய்தியாளரிடம் அரசு அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது, "எந்தப் பத்திரிகை, கார்டு இருக்கிறதா?" என்பதுதான். ஒரு நகராட்சியின் மழைநீர் வடிகால் பணியில் பில்லுக்கும் நடந்த வேலைக்கும் பொருத்தமில்லை என்று அப்பகுதி மக்கள் சொன்னதை எழுத, பணி ஆணையும், நடந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகமும் எனக்குத் தேவைப்பட்டன. ஆவணம் கையில் வந்தால் வெளியிடலாம் என்றார் ஆசிரியர். அதுவரை ஆகும் செலவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியதுவரை சிரமம் இல்லை. நேரில் கொடுக்கப் போனபோதுதான், பத்திரிகைக்காரர் என்றால் ஆசிரியரின் கடிதம் வேண்டும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்றும் எழுதித் தர வேண்டும் என்று எழுத்தர் மனுவைத் திருப்பித் தந்தார். சட்டத்தின் 3-ஆம் பிரிவு இந்த உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் தருகிறது என்றும், 6(2)-ஆம் பிரிவின்படி காரணம் சொல்லத் தேவையில்லை என்றும் எடுத்துச் சொன்னபின், இம்மனுக்களுக்குப் பொறுப்பான பொதுத் தகவல் அலுவலர் விடுப்பில் இருக்கிறார் என்று பதில் மாறியது. ஆகவே, இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் மனு பெறப்பட்டதற்கான முத்திரைக்காக வாசலில் நிற்காமல், ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பிவிடுவது நல்லது. மனுவில் செய்தியாளர் என்று குறிப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. குறிப்பிட்டால் கோப்பு இன்னும் மெதுவாகவே நகரும் என்பது என் கணிப்பு.

மனுவில் "ஏன் இவ்வளவு செலவானது?" என்று கேட்பதும் வீண். அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள பதிவைத் தந்தால் போதும், விளக்கம் உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியிருப்பதால், ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்பதே வழி.

சட்டம் தரும் 30 நாள் கெடு கடந்தும் பதில் வராததால், அது மறுப்பாகவே கொள்ளப்படும் என்ற 7(2)-ஆம் பிரிவைக் காட்டி முதல் மேல்முறையீடு செய்தேன். அதன் பிறகுதான், நகலுக்குப் பக்கத்திற்கு 2 ரூபாய் வீதம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கெடு தவறினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6)-ஆம் பிரிவு சொல்வதைச் சுட்டி ஒரு வரியில் பதில் எழுதியதும், கட்டணம் இல்லாமலே நகல்களின் கட்டு வந்து சேர்ந்தது. தொகை சிறியதுதான் என்றாலும், அன்று எனக்கிருந்த மகிழ்ச்சி சிறியதல்ல.

அந்தக் கட்டில் அளவுப் புத்தகம் மட்டும் இல்லை. அதற்கு 2(j)-ஆம் பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்டுப் போய், வேண்டிய பக்கங்களை நானே குறித்து நகல் வாங்கினேன். முதல் மனுவிலேயே பார்வையிடலையும் சேர்த்துக் கேட்டிருப்பவருக்கு இந்த அலைச்சல் மிச்சம். இத்தகைய மனுக்களை அனுப்பிவிட்டு, வாடகைக்கு வழிசெய்யும் சிறு செய்திகளை இடையில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே கட்டுரையை நம்பி யாரும் காத்திருக்க முடியாது.

கட்டுரை பாதியாகக் குறைக்கப்பட்டு வெளியானது. அதற்கான ஊதியம் அடுத்த மாதக் கணக்கில் சேரும் என்று இதழின் கணக்குப் பிரிவில் சொல்லியிருக்கிறார்கள்.