சுண்டெலியின் மரணமும் கருமுட்டையின் தரமும்: ஒரு நெறிமுறை அனுமதி அனுபவம்

விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் கருணைக்கொலை முறைக்கென்று, அதாவது ஆய்வு விலங்கை வேதனையின்றி எப்படிக் கொல்வோம் என்பதற்கென்று, ஒரு கட்டம் இருக்கும். பழைய விண்ணப்பத்தில் இருந்ததை அப்படியே எடுத்து நிரப்புகிற வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. கருமுட்டையை எடுத்து ஆராயப் போகிறவர்கள் அப்படிச் செய்யக் கூடாது.

கோலாலம்பூரில் நான் செய்யும் முனைவர் பட்ட ஆய்வு, நெகிழியில் இருக்கும் பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் சுண்டெலியின் கருமுட்டையை என்ன செய்கிறது என்பது பற்றியது. இந்தத் துறையில் 2003-இல் வெளிவந்த, அமெரிக்க மரபியலாளர் பாட்ரிசியா ஹன்ட் குழுவின் கட்டுரையை எல்லாரும் படித்திருப்பார்கள். கடுமையான சலவைத் திரவம் பட்டுச் சேதமான நெகிழிக் கூண்டுகளிலிருந்து கசிந்த பிஸ்பினால் ஏ, கருமுட்டைக்குள் குரோமோசோம்களின் வரிசையையே கலைத்திருந்தது. கூண்டு கழுவியதே முடிவை மாற்றுமென்றால், உயிர் பிரியும் விதம் மாற்றாதா? அந்தக் கேள்வியோடுதான் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை முறை இதுதான். மாலையில் முட்டைகளை வளர்க்கும் பி.எம்.எஸ்.ஜி. ஹார்மோன் ஊசி, 48 மணி நேரம் கழித்து அவற்றை வெளியேறவைக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசி, மறுநாள் காலை கருமுட்டைக் குழாயைப் பிரித்தெடுப்பது. எச்.சி.ஜி. போட்ட 13 முதல் 15 மணி நேரத்துக்குள் முட்டைகள் கைக்கு வந்துவிட வேண்டும். அன்று பசியாறுவதெல்லாம் வேலை முடிந்த பிறகுதான். அந்த நேரத்தில் முட்டை, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவின் இரண்டாம் கட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருக்கும். குரோமோசோம்களைப் பிடித்திருக்கும் கதிர் இழைகள் குளிரில் கலையும். அமிலத்தன்மை மாறினாலும் முட்டைக்கு ஆகாது. ஏர்கோன் ஓடும் அறையில் 37 டிகிரியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

எலியைக் கொல்ல என் முன்னால் முக்கியமாக இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று கார்பன் டைஆக்சைடு: எலி இருக்கும் பெட்டிக்குள் அதை மெதுவாகச் செலுத்த வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி, நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்கிறது. உயிர் அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் இரத்தம் அமிலமாகும், ஆக்சிஜன் குறையும், முட்டையும் அந்த உடலுக்குள்தான் இருக்கும். பல எலிகளை ஒன்றாக வைத்தால் கடைசி எலியின் முட்டைகள் இன்னும் அதிக நேரம் காத்திருக்கும். மற்றது, கையால் கழுத்தெலும்பை விலக்கும் முறை. அதில் எல்லாம் நொடிகளில் முடியும், ஒவ்வொரு எலியாகச் செய்து உடனே குழாயை எடுக்கலாம். வெளிவந்த ஒப்பீடுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு முறைகளையும் கலந்து பயன்படுத்தினால் ஆய்வு கெடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தை விலக்கும் முறையையே விண்ணப்பத்தில் எழுதினேன்.

விண்ணப்பத்தை முதலில் படித்தது எங்கள் கால்நடை மருத்துவர் அக்கா. "தம்பி, முட்டைக்கு எது நல்லது என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எலிக்கு எது நல்லது என்று எங்கே?" என்று கேட்டார். சரியான கேள்வி. கை பழகாதவர் கழுத்தை விலக்கினால் எலி துடிக்கும். வேதனை நீண்டால் அந்த முறையைத் தேர்ந்ததற்கே அர்த்தமில்லை. அதனால் இறந்த எலிகளில் பழகி, பிறகு மயக்கத்தில் இருக்கும் எலிகளில் அவர் முன்னால் செய்துகாட்டினேன். அவர் கையெழுத்திட்ட தேர்ச்சிக் குறிப்பும் விண்ணப்பத்தோடு போனது. பெண்டோபார்பிட்டல் என்ற மயக்க மருந்தை அதிக அளவில் போட்டுக் கொல்லும் ஊசி ஏன் வேண்டாம் என்றும் குழு கேட்டது. அதை வயிற்றுக்குள் போட வேண்டும், சினைப்பையும் அங்கேதான் இருக்கிறது என்று விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு முறைகளையும் ஒப்பிடக் கூடுதலாக எலிகள் கேட்டிருந்ததைக் குழு மறுத்துவிட்டது. எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. என் கேள்வி பிஸ்பினாலைப் பற்றியது, மரண முறையைப் பற்றியது இல்லை. எல்லாப் பிரிவுக்கும் ஒரே முறை, ஒரே கை, பிஸ்பினால் கொடுத்த எலியும் கொடுக்காத எலியும் மாறி மாறி என்று வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள்.

அனுமதி அந்த நிபந்தனையோடுதான் வந்தது. அப்புறம் நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று: ஒவ்வொரு எலிக்கும் உயிர் பிரிந்த நேரத்தையும் முட்டை டிஷ்ஷில் இறங்கிய நேரத்தையும் பதிவேட்டில் எழுதுகிறேன். இடைவெளி நீண்ட எலிகளின் முடிவுகளைத் தனியாகப் பார்க்க அது உதவுகிறது. ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியிலும் அந்த நிமிடங்கள் இடம்பெறும்.