பசி மைல் என்று பெயர்பெற்ற கரை

சிட்னி துறைமுகத்தை ஒட்டிய பாரங்கரூ பூங்காவுக்கு மாதம் ஒருமுறையாவது போய்விடுவேன். கன்டெய்னர் கப்பல்களுக்காகக் கான்கிரீட் பூசிய தளமாகக் கிடந்த இடம் அது. அங்கேயே தோண்டியெடுத்த சுமார் 10,000 மணற்கல் பாளங்களை நீர்விளிம்பில் அடுக்கி, அந்த மண்ணுக்குரிய 75,000 செடிகளையும் மரங்களையும் நட்டு, ஐரோப்பியர் வருமுன் இருந்த கரையை நினைவூட்டும்படி ஆறு ஹெக்டேர் பூங்காவாக்கி 2015இல் திறந்தார்கள். அதை நான் மனதார நேசிக்கிறேன்.

தெற்கே நடந்தால் 271 மீட்டர் உயரமுள்ள கிரவுன் கோபுரம் வந்துவிடுகிறது. பூங்காவையும் உள்ளடக்கிய பாரங்கரூ பகுதியின் 22 ஹெக்டேரும் அரசு நிலம். அதை எப்படி அமைப்பது என்பதற்குச் சர்வதேசப் போட்டி நடத்தி, 2006இல் ஒரு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பின் திட்டம் ஒரே நாளில் கைவிடப்படவில்லை. திருத்தத்தின் மேல் திருத்தமாக, ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் சிறியதாகத் தோன்றும்படி மாறிக்கொண்டே போனது. தண்ணீருக்கு மேல் ஒரு ஹோட்டல் கட்டும் யோசனைக்கு எதிர்ப்பு எழவே, ஹோட்டல் கரைக்கு மாறியது. அதற்குக் கிடைத்த இடமோ பூங்காவுக்கென்று குறிக்கப்பட்டிருந்த நிலம். காசினோவுடன் கூடிய அந்தக் கோபுரத்தை 2012இல் கிரவுன் காசினோ நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜேம்ஸ் பேக்கர் முன்மொழிந்தார். ஒப்பந்தப்புள்ளி கோராமலே அரசு அதை ஏற்றது; 2013இல் அதற்கென்றே சட்டமும் இயற்றப்பட்டது. அந்த நிறுவனம் காசினோ நடத்தத் தகுதியற்றது என்று 2021இல் விசாரணை அறிக்கை கூறியபோது கோபுரம் எழும்பி நின்றுவிட்டது.

பூங்கா கிடைத்ததே, அது போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்தக் கரையோரச் சாலைக்குப் 'பசி மைல்' என்று பெயர் வந்தது, பொருளாதார மந்தக் காலத்தில் தொழிலாளர்கள் ஒரு நாள் வேலை தேடி ஒவ்வொரு கப்பல்துறையாக நடந்ததால்தான். அத்தகைய துறைமுகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மில்லர்ஸ் பாயின்ட் இதற்கு மேலே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கும் பக்கத்திலுள்ள ராக்ஸ் பகுதியிலும் இருந்த 293 அரசு வாடகை வீடுகளை விற்கப்போவதாக 2014இல் அறிவித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஜாக் மண்டே தலைமையில் கட்டடத் தொழிலாளர்கள் 1970களில் ராக்ஸின் பழைய கட்டடங்களை இடிக்கும் வேலைக்குப் போக மறுத்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, இடம்பெயர வேண்டியவர்களுக்கென்று கட்டப்பட்ட 79 குடியிருப்புகள் கொண்ட சிரியஸ் கட்டடமும் அந்தப் பட்டியலில் இருந்தது. விற்ற பணத்தில் வேறிடத்தில் கூடுதலான வீடுகளைக் கட்டலாம் என்றது அரசு. எண்ணிக்கையளவில் அந்த வாதம் சரியாக இருக்கலாம். ஆனால் கரை அழகாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதன் அருகில் வாழ்ந்து முதுமையடைந்தவர்களை வெளியேற்றியதைப் பொதுநலன் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

பூங்காவுக்கும் கோபுரங்களுக்கும் நடுவே, மெட்ரோ நிலையத்தை ஒட்டிய மையப் பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது. அதன் திட்டம் குறித்துக் கருத்துக் கேட்டபோது, அங்கே எழும் வீடுகளில் ஒரு பங்கு குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு நிரந்தர அரசு வாடகை வீடுகளாக ஒதுக்கப்பட வேண்டும் என்றும், முதல் வாய்ப்பு மில்லர்ஸ் பாயின்ட்டை விட்டுப் போனவர்களுக்குத் தரப்பட வேண்டும் என்றும் எழுதி அனுப்பினேன்.